நெல்வயலின் வாயுவும் கணிதத்தின் தீர்ப்பும்

1990ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிக்கையொன்று, இந்திய நெல்வயல்கள் ஆண்டுதோறும் 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேன் வாயுவை ஆகாயத்தில் கலக்கின்றன என்று மதிப்பிட்டது. இத்தனை பெரிய தொகைக்கு ஆதாரமாக நின்றது இந்திய வயல்களில் எடுக்கப்பட்ட அளவு அன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒருசில வயல்களில் கண்ட அளவை நம் தேசத்தின் நெற்பரப்பால் பெருக்கியதன் பலனே அது. அடுத்த ஆண்டிலேயே, டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் பொறுப்பில், விஞ்ஞானி ஏ. பி. மித்ராவின் வழிகாட்டுதலில், நாட்டின் பல பாகங்களிலுள்ள ஆராய்ச்சி நிலையங்கள் ஒன்றுகூடி, வயல்களில் இறங்கி, மண்ணிலிருந்து எழும் வாயுவை நேரிலேயே அளந்தன. அவை கண்ட தொகை ஏறக்குறைய 40 லட்சம் டன். அதாவது முன்னர் சொல்லப்பட்டதில் ஒன்பதில் ஒரு பங்கு. பின்னர் நடந்த விரிவான ஆய்வுகளும் அந்த எல்லையை ஒட்டியே நின்றன.

இவ்வரலாற்றை இன்று நினைவுகூர்வது பழைய மனத்தாங்கலைப் புதுப்பிப்பதற்காக அன்று. 1992இல் ரியோ நகரில் பருவநிலை உடன்படிக்கை உருவாவதற்கு முன், பூமி வெப்பமடைவதற்கு எந்த நாடு எவ்வளவு பொறுப்பேற்க வேண்டும் என்ற விவாதம் உக்கிரமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. ஏழை விவசாயி உயிர் பிழைப்பதற்காகச் செய்யும் சாகுபடியிலிருந்து எழும் வாயுவையும் செல்வந்த நாடுகளின் சுகபோகத்திலிருந்து எழும் வாயுவையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணுவது நியாயமாகுமா என்று அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் வெளியிட்ட பிரசுரம் கேட்ட கேள்வி உலகெங்கும் எதிரொலித்தது. அந்த நியாயவாதம் வலிமையுடையது. ஆனால் அதற்குப் பக்கத்துணையாக, வயலில் எடுத்த அளவும் நின்றபோதுதான் எதிர்த்தரப்பார் தம் கணக்கைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. விஞ்ஞானத்தில் அனுமானத்துக்கு உரிய இடம் உண்டு என்பதை எவரும் மறுக்க இயலாது; எனினும் பிரத்யட்சத்தின் முன் நிறுத்திச் சோதிக்கப்படாத அனுமானம், ஒரு தேசத்தின்மீது குற்றம் சாட்டுவதற்கோ, ஒரு விவசாயிக்குச் சன்மானம் அளிப்பதற்கோ, ஓர் அரசாங்கம் தன்னைத்தானே மெச்சிக்கொள்வதற்கோ தகுதியுடையதாகாது என்பதே நான் இங்கே வற்புறுத்த விரும்பும் கருத்து.

நெல்வயலிலிருந்து எழும் வாயுவைக் கணக்கிடுவது ஏன் இத்தனை கடினம் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம். நீர் தேங்கிக் காற்று நுழையாத சேற்றில், வைக்கோல், தழை, வேர்க்கழிவு முதலியவை மட்கும்போது, பிராணவாயு இல்லாத சூழ்நிலையிலேயே வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. அப்படி உண்டான வாயுவில் கணிசமான பகுதி, வேரைச் சுற்றியும் சேற்றின் மேற்பரப்பிலும் பிராணவாயு எட்டுகின்ற மெல்லிய படலங்களில் வாழும் வேறு வகை நுண்ணுயிர்களுக்கு ஆகாரமாகி அங்கேயே அழிந்துபோகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி நெற்பயிரின் உடலிலுள்ள காற்றறைகளின் வழியாக வேரிலிருந்து மேலேறி வெளியேற, மீதம் குமிழிகளாகவும் நீரில் கரைந்தும் மேலே வருகிறது. ஆகவே நாம் வயலின் மேற்பரப்பில் காண்பது, ஒரு பெரிய வரவிலிருந்து ஒரு பெரிய செலவு கழிந்தபின் எஞ்சும் இருப்பே. வரவிலோ செலவிலோ சிறு பிழை நேர்ந்தாலும் இருப்பில் அது பெரும்பிழையாகத் தோன்றும். இரண்டிலும் பிழை நேர்ந்து அவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டாலோ, தவறான கணக்கும் சரியான விடையைத் தந்து நம்மை ஏமாற்றிவிடும்.

இவ்வரவும் செலவும் மண்ணின் தன்மை, வெப்பம், இட்ட எரு, பயிரின் ரகம், எல்லாவற்றுக்கும் மேலாக வயலில் நீர் நிற்கும் நாட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்து மாறுகின்றன. இந்திய வயல்களின் அளவு குறைவாக வந்ததற்குக் காரணமும் இவற்றிலேயே இருந்தது. நம் நெற்பரப்பில் கணிசமான பகுதி மழையை நம்பியது; அது நனைவதும் காய்வதும் வானத்தின் சித்தப்படியே நடக்கும். காயும்போது மண்ணுக்குள் காற்று புகுகிறது. காற்று புகுந்தால் மீத்தேன் உற்பத்தி நின்றுபோகிறது. மேலும் நம் மண்ணில் பல இடங்களில் கரிமச்சத்து மிகக் குறைவு. காவிரிப் படுகையின் வண்டல் களியில் சம்பாவுக்கு நீர் கட்டி நிற்கும் வயலையும், இராமநாதபுரத்தில் புழுதியில் விதைத்து மழையை எதிர்நோக்கி நிற்கும் மானாவாரி நெல்லையும் ஒரே எண்ணால் அளப்பது பொருந்தாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் கண்ட உண்மையேயாயினும், ஒரே பானையில், ஒரே தீயில், ஒரே நீரில் வெந்த சோற்றுக்குத்தான் அந்த நியாயம் பொருந்தும். வேறொரு கண்டத்தில் வெந்த சோற்றைத் தொட்டுப் பார்த்து நம் பானையின் பதத்தைச் சொன்னவர்கள் அந்த நிபந்தனையை மறந்துவிட்டார்கள்.

இந்தப் பிழை இந்தியாவுக்கு மட்டும் இழைக்கப்பட்டதும் அன்று. 1963இல் ஜப்பானிய விஞ்ஞானி கோயாமா, ஆய்வகத்தில் மண்ணை வைத்துக் கண்ட அளவிலிருந்து, உலக நெல்வயல்கள் அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்கு 19 கோடி டன் மீத்தேனை வெளியிடுவதாக மதிப்பிட்டார். 1978இல் வெளியான மற்றொரு மதிப்பீடு அதை 28 கோடி டன் வரை உயர்த்தியது. கலிபோர்னியாவின் வயல்களில் நேரில் எடுத்த அளவுகளைச் சிசரோனும் ஷெட்டரும் 1981இல் வெளியிட்டதிலிருந்து, ஸ்பெயின், இத்தாலி, சீனம், இந்தியா என்று அளவீடுகள் பரவப் பரவ அந்தத் தொகை இறங்கிக்கொண்டே வந்து, இன்று ஏறக்குறைய 3 கோடி டன் என்ற நிலையில் நிற்கிறது. இத்தனை காலத்தில் உலகின் நெற்பரப்பு சுருங்கிவிடவில்லை. நேரில் கண்டறிந்த அறிவு பெருகியதனாலேயே அனுமானம் அடங்கியது.

வயலில் வாயுவை அளக்கும் முறை பார்வைக்கு எளிமையானது. பயிரின்மீது அடிப்பாகம் திறந்த, ஒளி ஊடுருவும் பெட்டியொன்றைக் கவிழ்த்து, அதற்குள் சேரும் காற்றைச் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்து, ஆய்வகக் கருவியில் மீத்தேனின் அடர்த்தி எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பெட்டி மூடும் இடமோ ஒரு சதுர மீட்டரைக்கூட எட்டாதது. இந்தியாவின் நெற்பரப்போ 4 கோடி ஹெக்டேருக்கும் மேற்பட்டது. ஆகவே எத்தனை பெட்டிகளைக் கவிழ்த்தாலும் இடைவெளியை நிரப்பக் கணிதத்தின் துணை வேண்டியே இருக்கிறது. கணித மாதிரிகளை வெறுப்பது என் நோக்கம் அன்று. அவையின்றி ஒரு ஜில்லாவின் கணக்கைக்கூட எழுத இயலாது. அவற்றை எந்தத் தகுதியில் நம்புவது என்பதே கேள்வி.

அம்மாதிரிகள் இருவகைப்பட்டவை. முதலாவது, ஒரு ஹெக்டேர் ஒரு நாளுக்கு இவ்வளவு என்ற குணகத்தை எடுத்துப் பரப்பாலும் நாட்களாலும் பெருக்கும் எளிய முறை. பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2006இல் இதற்கு 1.30 கிலோகிராம் என்ற எண்ணை வகுத்தது. 2019இல் திருத்தியபோது உலகச் சராசரியை 1.19 ஆகக் குறைத்ததோடு, தெற்காசியாவுக்கெனத் தனியே 0.85 என்ற எண்ணையும், அது 0.58 முதல் 1.26 வரை எங்கும் இருக்கலாம் என்ற எச்சரிக்கையையும் சேர்த்துத் தந்தது. நம் பிரதேசத்துக்கு நம் வயல்களின் அளவே ஆதாரமாக வேண்டும் என்ற கொள்கைக்கு இதைவிடச் சிறந்த அத்தாட்சி வேண்டியதில்லை. இரண்டாவது வகை, மண்ணுக்குள் நடக்கும் ரசாயன, உயிரியல் நிகழ்ச்சிகளையே சமன்பாடுகளாக எழுதி நாள்தோறும் கணிக்க முயல்வது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் சாங்ஷெங் லீ உருவாக்கிய டி.என்.டி.சி. என்னும் மாதிரி இவ்வகையில் புகழ்பெற்றது.

அந்த மாதிரியை இந்திய வயல்களில் எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டுச் சோதித்த ஆய்வொன்று 2006இல் வெளியாயிற்று. கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தாரும் அதில் பங்குகொண்டனர். பருவம் முழுவதற்குமான மீத்தேன் தொகையில் மாதிரியின் விடைக்கும் வயலின் அளவுக்கும் இடையிலான வேற்றுமை பெரும்பாலான இடங்களில் 20 சதவீதத்துக்குள் அடங்கியது என்பது மெச்சத்தக்க பலன். அதே ஆய்வு, அலகாபாத் வயலில் மாதிரி சரிவரப் பொருந்தவில்லை என்பதையும், பருவத்தின் இடையிடையே வாயு ஏறி இறங்கும் போக்கைச் சில இடங்களில் அது தவறவிட்டது என்பதையும், நீர் இடைவிடாது நின்ற வயல்களில், வெப்பமூட்டும் மற்றொரு வாயுவான நைட்ரஸ் ஆக்ஸைடு அறவே வெளிப்படாது என்று அது கணித்ததையும் ஒளிவின்றிப் பதிந்து வைத்தது. சோதனை என்பதற்கு இதுவே இலக்கணம். பொருந்திய இடத்தைப் பாராட்டுவதைவிடப் பொருந்தாத இடத்தைச் சுட்டுவதே சோதனையின் முதற்கடமை. எங்கே பொருந்தவில்லை என்று தெரிந்தால்தான் எங்கே நம்பக்கூடாது என்பதும் தெரியவரும்.

ஆனால் சோதனை என்ற பெயரில் நடப்பவை யாவும் சோதனை ஆகா. ஒரு வயலின் அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றோடு விடை பொருந்தும் வரையில் மாதிரியின் உள்ளெண்களைத் திருத்தி அமைத்துவிட்டு, பிறகு அதே வயலைக் காட்டி அது சரியாகக் கணித்தது என்று சொல்வது, விடைத்தாளைப் பார்த்து எழுதிய மாணாக்கனுக்கு முதல் பரிசு தருவதற்கு ஒப்பாகும். மாதிரியைத் திருத்தப் பயன்பட்ட வயல் வேறாகவும், அதைச் சோதிக்கும் வயல் வேறாகவும் இருக்க வேண்டும். சோதிக்கும் வயலின் மண், மழை, உரம், நீர் ஆகிய விவரங்களை மட்டும் மாதிரியைக் கையாள்வோரிடம் கொடுத்து, வாயுவின் அளவை மறைத்து வைக்க வேண்டும். இது நடக்கக்கூடியதே. 2018இல் வெளியான சர்வதேச ஆய்வொன்றில் 24 கணித மாதிரிகள் இவ்விதம் முதலில் அளவீடுகளை மறைத்தும், பிறகு படிப்படியாக வெளிப்படுத்தியும் சோதிக்கப்பட்டன. தனித்தனி மாதிரிகளின் விடைகள் வெகுவாகச் சிதறிக் கிடக்க, பல மாதிரிகளின் நடுத்தர விடையே உண்மைக்கு நெருங்கி நின்றது. இன்னொரு துறையில், விமானங்களிலிருந்தும் செயற்கைக்கோள்களிலிருந்தும் மீத்தேன் கசிவைக் கணக்கிடுவோரைச் சோதிக்க, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2022இல் அரிசோனாவில் தாமே அளந்த வாயுவை வெளியில் விட்டு, எவ்வளவு விட்டோம் என்பதைச் சொல்லாமல், அவர்களுடைய விடைகளைப் பெற்ற பிறகே உண்மையை வெளியிட்டனர். சோதனையின் முன் கூசாத கணக்குக்கே சபையில் மதிப்பு உண்டு.

இங்கே ஒரு நேர்மையையும் நாம் கைக்கொள்ள வேண்டும். சோதனை நமக்குச் சாதகமாக வரும்போது அதைப் போற்றுவதும், பாதகமாக வரும்போது அதை மறைப்பதும் அறிவுடைமை ஆகாது. 2010 முதல் 2015 வரை இந்தியாவின் ஆகாயத்தில் கண்ட மீத்தேன் அளவுகளிலிருந்து பின்னோக்கிக் கணித்த ஆய்வொன்று, ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் டன் என்று கண்டு, நம் அரசாங்கம் ஐக்கிய நாடுகளுக்குத் தந்த கணக்கு பெரிதும் சரியே என்று 2017இல் சான்று கூறியது. ஆனால் டெல்லி, மும்பை, லாகூர், புவனோஸ் அயர்ஸ் ஆகிய நகரங்களைச் செயற்கைக்கோள் மூலம் ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, அந்நகரங்களின் மீத்தேன் வெளியேற்றம் ஏட்டுக் கணக்கைவிட 1.4 முதல் 2.6 மடங்கு வரை அதிகம் என்றும், குப்பைமேடுகளே அதில் கணிசமான பங்குடையவை என்றும் காட்டியது. அமெரிக்காவிலும், எண்ணெய், எரிவாயுத் தொழிலிலிருந்து 2015இல் கசிந்த மீத்தேன் அந்நாட்டு முகமையின் சொந்தக் கணக்கைவிட 60 சதவீதம் அதிகம் என்று 2018இல் நிலைநாட்டப்பட்டது. நம் நெல்வயலைப் பற்றி மிகையாகச் சொன்ன அதே முகமை, தன் நாட்டுக் குழாய்களைப் பற்றிக் குறைவாகச் சொல்லிவிட்டது. இரண்டையும் வெளிக்கொணர்ந்தது அளவுகோலே.

இவையெல்லாம் விஞ்ஞானிகளுக்குள் நடக்கும் விவகாரம் என்று பொதுஜனங்கள் ஒதுங்கியிருந்த காலம் இப்போது மாறிவிட்டது. வயலில் எப்போதும் நீர் கட்டாமல், நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 செண்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சும் முறையை நம் விவசாயிகள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று அழைக்கிறார்கள். இதனால் மீத்தேன் ஏறக்குறைய பாதியாகக் குறையலாம் என்பதும், தண்ணீர் மிச்சமாகும் என்பதும் நற்செய்திகள். இப்படிக் குறைந்த வாயுவைக் கணக்கிட்டு, கார்பன் சந்தையில் விற்று, விவசாயிக்குப் பங்கு தருவதாகப் பல திட்டங்கள் கிளம்பியிருக்கின்றன. விவசாயி தானியத்தை மூட்டையில் கட்டி எடைபோட்டு விற்கிறான். வெளிவராத வாயுவை எந்தத் தராசில் நிறுப்பது? அங்கே கணித மாதிரியே தராசாகிறது. தராசு பழுதானால், ஒன்று விவசாயி ஏமாறுவான். அன்றேல், அந்தச் சரக்கை வாங்கி அதைக் காட்டித் தன் புகையைத் தொடர்ந்து வெளியிடும் ஆலையால் பூமி ஏமாறும். சர்வதேசப் பதிவு ஸ்தாபனமான வெர்ரா, தர நிபந்தனைகளுக்குப் பொருந்தவில்லை என்று சீனத்தின் 37 நெல்வயல் திட்டங்களை 2024இல் நிராகரித்தது, இச்சந்தையில் கண்காணிப்பு தளர்ந்தால் விளையும் அனர்த்தத்துக்குப் போதிய எச்சரிக்கை.

இதனினும் நுட்பமான அபாயம் ஒன்று உண்டு. மண் காயும்போது மீத்தேன் குறைகிறது. ஆனால் யூரியா இட்ட மண் நனைந்தும் காய்ந்தும் மாறிவரும்போது நைட்ரஸ் ஆக்ஸைடு எழுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமிலவாயுவைவிட 273 மடங்கு வெப்பமூட்டும் ஆற்றலுடையது. தென்னிந்திய வயல்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வொன்று, கடுமையாகக் காயவிடப்பட்ட சில வயல்களில் ஒரு பருவத்துக்கு ஹெக்டேருக்கு 33 கிலோகிராம் வரை அவ்வாயு வெளிப்பட்டதாகக் கண்டது. அதுவரை உலகில் பதிவானவற்றில் மிக உயர்ந்த அளவைப்போல் அது மூன்று மடங்கு. இந்த வாயு உரமிட்ட பின்பும் மழைக்குப் பின்பும் ஒருசில நாட்களில் சட்டென்று எழுந்து அடங்கிவிடும் இயல்புடையது. வாரத்துக்கு ஒருநாள் அளப்பவரின் கண்ணில் படாமலே போய்விடலாம். மீத்தேனை மட்டும் எண்ணும் மாதிரியும், நைட்ரஸ் ஆக்ஸைடை எண்ணியும் சரிவரக் காணாத மாதிரியும், நஷ்டத்தை லாபமென்று எழுதிவிடக்கூடும். மிதமாகக் காயவிடுவதும் தழைச்சத்து உரத்தை அளவறிந்து இடுவதும் இதற்குப் பரிகாரமாகலாம். ஆனால் எந்த மண்ணில் எவ்வளவு மிதம் என்பதை அந்தந்த வயலின் அளவே சொல்ல வேண்டும்.

ஆகவே நம் அரசாங்கத்தின்முன் வைக்கத்தக்க கோரிக்கைகள் தெளிவானவை. தமிழ்நாட்டின் ஒவ்வொரு வேளாண் காலநிலைப் பகுதியிலும், குறுவை, சம்பா, தாளடி ஆகிய பருவங்கள் தோறும், மீத்தேன், நைட்ரஸ் ஆக்ஸைடு இரண்டையும் பல்லாண்டுகள் இடைவிடாது அளக்கும் நிரந்தர வயல்கள் வேண்டும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கும் ராஜ்யத்துக்கு இது எட்டாத காரியம் அன்று. அவ்வயல்களில் ஒரு பகுதியின் அளவுகளை எந்த மாதிரியின் ஆசிரியருக்கும் முன்கூட்டிக் காட்டாமல் சோதனைக்கென்றே ஒதுக்கி வைக்க வேண்டும். கார்பன் பணம் பேசும் எந்தத் திட்டமும், தன் மாதிரி அந்த ஒதுக்கப்பட்ட வயல்களில் எவ்வளவு பிழைபட்டது என்பதைத் தமிழில், விவசாயி படித்தறியும்படி வெளியிட்ட பிறகே ஒப்பந்தத்துக்கு அனுமதி பெற வேண்டும். தொகையைச் சொல்லும் இடமெல்லாம் அதன் மேலெல்லையும் கீழெல்லையும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும். சந்தேகம் மிகுந்த இடத்தில் குறைந்த தொகைக்கே சான்றளித்து, அளவு உறுதிப்பட்ட பிறகு மீதியை விவசாயிக்கு வழங்குவது தர்மமான ஏற்பாடு.

பூமி வெப்பமடைந்துகொண்டிருக்கையில் அளந்துகொண்டே உட்கார்ந்திருப்பதா, இதற்கான செலவை யார் ஏற்பது என்று கேட்பவர்களின் கவலை பொருளற்றதன்று. ஆனால் அளப்பதற்காகச் செயலை நிறுத்துமாறு நான் சொல்லவில்லை. காய்ச்சலும் பாய்ச்சலும் தண்ணீரை மிச்சப்படுத்துகிறது என்ற ஒரு காரணமே அதைப் பரப்புவதற்குப் போதும். நிறுத்திவைக்க வேண்டியது, நிரூபிக்கப்படாத எண்ணின்மீது கட்டப்படும் வியாபாரத்தையும் தீர்ப்பையும்தான். செலவைப் பற்றிச் சொன்னால், 1991இல் இன்றைய கருவிகளும் செல்வமும் இல்லாத நம் ஆராய்ச்சி நிலையங்கள் ஒருசில பருவங்களில் செய்து முடித்த பணி, ஒரு தேசத்தின்மீது சுமத்தப்பட்ட 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட பொய்ப்பழியை நீக்கிற்று. அந்தச் செலவுக்கு அதைவிடப் பெரிய பலன் வேறென்ன வேண்டும்? அன்று பிறர் நம்மைப்பற்றி எழுதிய கணக்கைச் சோதிக்கும் துணிவு நமக்கு இருந்தது. இன்று நம்முடைய பெயரால், நம் விவசாயிகளின் பெயரால், நாமே எழுதத் தொடங்கியிருக்கும் கணக்குகளையும் அதே துணிவோடு சோதிப்போமானால், முடிவு நமக்குச் சாதகமாயினும் பாதகமாயினும், உலகசபையில் நம் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு ஒருநாளும் குறையாது.